படுவான்கரையில் குளிசையும் கதையும்

மனச்சோர்வுக்குக் குளிசையும் உரையாடல் சிகிச்சையும் சேர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவ நூல்கள் சுலபமாகச் சொல்லிவிடுகின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், போரதீவுப்பற்றின் வெல்லாவெளி போன்ற ஊர்களில் இவை இரண்டும் வெவ்வேறு வழியாக, வெவ்வேறு கைகளால் வந்தன. முந்தியது கதைதான். காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் போர்க்காலத்திலேயே பதிவுசெய்தார். படை முகாம் வாசலில் வாய்திறக்க முடியாத துயரம் தெய்வமாடுவோர் முன்னே சொல்லாக வெளிவந்தது. இதைச் சிகிச்சை என்றே கொண்டாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வாக்குச் சொல்பவர் நித்திரை வருகிறதா, சாக நினைக்கிறாயா என்று மாதாமாதம் விசாரிப்பதில்லை. ஆனால் துயரத்தைக் கேட்கும் வழக்கம் இங்கே வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

குளிசைதான் தூரத்தில் இருந்தது. மனச்சோர்வுக்கு இமிப்பிரமினின் பயனை ரோலண்ட் கூன் 1957இல் வெளியிட்டார். 1977இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அமிற்றிப்ரிலின் இடம்பெற்றது. விலை குறைந்த மருந்துதான். ஆனால் முதல் நாளே வாய் உலரும், தலை கிறுகிறுக்கும். மனம் தேற இரண்டு மூன்று கிழமை ஆகும். அந்த இடைவெளியில் “கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்ல ஆளில்லாவிட்டால் குளிசை அலுமாரியிலேயே கிடக்கும். சோதனைச் சாவடி தாண்டி நகரத்துக் கிளினிக்குக்குப் போய்வர வேண்டியிருந்த காலத்தில் அந்த ஆளுக்கு எங்கே போவது? மனநல மருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் பணியாற்றிய காலத்திலும், 2004 சுனாமிக்குப் பின்னரும்தான் சமூகத்துக்குள் செல்லும் பணியாளர்களின் பங்கு பெருகியது. 2005இன் தேசிய மனநலக் கொள்கையும் சேவையை மாவட்டங்களுக்குப் பரவலாக்கச் சொன்னது. 2007 மார்ச்சிலோ போர் படுவான்கரை மக்களை ஆயிரக்கணக்கில் இடம்பெயர்த்தது; மாதாமாதம் வாங்கும் குளிசைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

சேர்க்கை உண்மையில் பலன் தருமா? அமெரிக்காவில் நாட்பட்ட மனச்சோர்வுள்ள 681 பேரிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், இரண்டும் பெற்றோரில் 73 வீதத்தினரும் ஒன்றை மட்டும் பெற்றோரில் 48 வீதத்தினரும் தேறினர். (அதில் கொடுத்த நெஃபசோடோன் பின்னர் ஈரலைப் பாதிப்பதாகப் பல நாடுகளில் கைவிடப்பட்டது வேறு கதை.) கோவாவில் 2003இல் வெளியான ஆய்வோ எதிராகப் பேசுகிறது: இரண்டு மாதத்தில் புளுஒக்செற்றின் போலிமருந்தைவிடப் பலன் தந்தது, உரையாடல் தரவில்லை. ஆனால் அங்கே இரண்டும் தனித்தனியாகவே சோதிக்கப்பட்டன. அதே கோவாவில் 2010இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் மருத்துவரோடு இணைந்து வேலைசெய்த அரச சுகாதார நிலையங்களில் கூடுதலானோர் தேறினர். துயரத்துக்குக் காரணம் போரும் வறுமையும் என்றால் குளிசை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் காரணம் வெளியில் இருந்தாலும் நித்திரையும் பசியும் கெடுவது உடம்பில்தான். ஆகவே வெல்லாவெளிக்கு முதலில் வேண்டியது இன்னொரு மருந்தல்ல. குளிசை கொடுக்கும் இடத்திலேயே சம்பளம் பெற்று, தொடர்ந்து கதைக்கும் ஒரு நிரந்தரப் பணியாளர்.