கம்பியில்லாத் தந்தி

'தந்தி' முதலில் வீணை நரம்பைக் குறித்த சொல். 'தந்த்ரீ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கம்பி வழியே செய்தி ஓடத் தொடங்கியதும் செய்திக்கே அது பெயராயிற்று. 1942இல் 'தினத்தந்தி' என நாளிதழின் தலைப்பிலும் ஏறியது. மார்க்கோனியின் கருவி வந்தபோது 'கம்பியில்லாத் தந்தி' என்றார்கள். வேர்ப்பொருள் பார்த்தால் கம்பியில்லாக் கம்பி! யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

1958இல் அமெரிக்கா 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதும் ஆளுக்கு ஆள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோ பெருகியது. முதலில் 23 சேனல், 1977 முதல் 40. அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் அலை ஏரியல் என்றால் இரண்டே முக்கால் மீட்டர் கம்பி வேண்டும். அவ்வளவு நீளத்தைக் காரில் நட முடியாதென்று, குட்டை ஏரியலின் அடியில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி வைப்பார்கள். நீளம் சற்றே பிசகினாலும் ஏரியல் பொருத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் எகிறும்; கொஞ்சம் நறுக்கி மறுபடி பார்க்க வேண்டும். கம்பியோடு இவ்வளவு மல்லுக்கட்டிய பொழுதுபோக்குக்கு 'கம்பியில்லா' என்ற பெயர் குறும்புதான்.

கம்பியைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரும் உண்டு. மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். மலாயில் 'தஞ்சோங்' என்றால் முனை, 'டாவாய்' என்றால் கம்பி.