தோல்வியின்றிக் கிண்ணம் இழந்த கதை

அமெரிக்க நாட்டில் அரச உதவி பெறும் கல்வி நிலையங்கள் பால்வேற்றுமை பாராட்டலாகாதென 1972ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன் பயனாகக் கல்லூரி மகளிரிடையே வளர்ந்த உதைபந்தாட்டத்தில் முடிசூடி நின்றது சப்பல் கில் நகரின் வட கரோலினாப் பல்கலைக்கழகம்.

1988இல் அத்திலாந்திக் கரையோரப் பல்கலைக்கழகச் சம்மேளனம் மகளிருக்கான முதலாவது கிண்ணப் போட்டியை நடத்தியது. இறுதியாட்டத்தில் எதிர்நின்றது அயலூரான ராலேயின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். ஆட்டம் சமநிலையில் முடியவே, தண்ட உதைகள் தீர்ப்பளித்தன. கிண்ணம் ராலேக்குச் சென்றது. விந்தை யாதெனில், ஏட்டில் அது தோல்வியன்று, சமநிலையே! ஆதலால் 1986 முதல் 1990 வரை 103 ஆட்டங்களில் தோல்வி காணாப் பெருமை குலையாது நின்றது.

ஏட்டுப் பெருமை வீராங்கனைகளை ஆற்றியிருக்குமா? அவ்வாண்டுத் தேசிய இறுதியாட்டத்தில் அதே அணியை அவர்கள் 4க்கு 1 என வென்றனர். சம்மேளனக் கிண்ணமும் 1989 முதல் 2003 வரை ஆண்டுதோறும் அவர்களுக்கே கிட்டியது. 2004இல் வர்ஜீனியா அதனைக் கைப்பற்றியது.