ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன்: ஆல்காலிலிருந்து பைத்தான் வரை

ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்றை எழுதும் வழக்கத்தை நிரல்மொழிகளில் நிலைநிறுத்தியது ஆல்கால் 60. 1960 ஜனவரியில் பாரிஸில் கூடிய குழு வகுத்த அந்த மொழியில், உள் ஃபங்ஷன் தன்னைச் சூழ்ந்த ஃபங்ஷனின் மாறிகளை நேரடியாக எடுத்தாளலாம். எழுதுபவருக்கு இது பெரும் வசதி. கம்பைலர் செய்பவருக்கோ கடும் சோதனை. வெளி ஃபங்ஷன் தன்னைத்தானே அழைத்தால் அதன் மாறிகளுக்கு ஸ்டாக்கில் பல பிரதிகள் உண்டாகும். தனக்குரியது எது என்று உள் ஃபங்ஷனுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் டைக்ஸ்ட்ராவும் சோனவெல்டும் அதே ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்1 கணினிக்கான கம்பைலரை ஓடவிட்டார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் நடப்பிலுள்ள பிரதியின் முகவரியைக் குறித்துவைக்கும் ‘டிஸ்ப்ளே’ என்ற அட்டவணை டைக்ஸ்ட்ரா தந்த தீர்வு. இதில் சறுக்கும் கம்பைலர்களைப் பிடிக்க 1964இல் டொனால்ட் கனூத் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். அவர் எதிர்பார்த்த விடை −121. சரியான விடை −67. சிக்கலின் ஆழத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பாஸ்கல் இந்த வழக்கத்தை ஏற்றது. சி விலக்கியது. சி-யின் மூதாதையான பிசிபிஎல்லில் ஃபங்ஷனை உள்ளே எழுதலாம். ஆனால் வெளி ஃபங்ஷனின் ஸ்டாக் மாறிகளைத் தொடக் கூடாது. பி மொழியும் சி-யும் உள் ஃபங்ஷனையே தடைசெய்து அந்த அரைகுறை நிலையைத் தீர்த்தன.

அந்தத் தடையால் பிழை தேடுவோருக்கு எவ்வளவு நன்மை என்பது, ஜிசிசி கம்பைலர் உள் ஃபங்ஷனைத் தன் சொந்த நீட்சியாக அனுமதித்தபோதுதான் புலப்பட்டது. நடுவிலுள்ள ஒரு ஃபங்ஷனில், ‘இஃப்’ வரியின் நெளிவு அடைப்பை மூட மறந்துவிட்டதாகக் கொள்வோம். அதன்பின் வரும் ஃபங்ஷன்களையெல்லாம் அந்த ஃபங்ஷனின் உள்ளே இருப்பவையாக ஜிசிசி வாசித்துக்கொண்டே போகும். கோப்பு முடிந்த பிறகுதான் பிழை என்று சொல்லும். காட்டும் இடமோ கடைசி வரி. அடுத்த ஃபங்ஷன் ‘ஸ்டாட்டிக்’ என்று தொடங்கியிருந்தால், அந்தச் சொல் அங்கே பொருந்தாது என்று வேறொரு புகார் எழும். குறையே இல்லாத அந்த வரியைப் புதியவர்கள் திருத்தித் திருத்திப் பார்ப்பார்கள். பழகியவர்கள் அதற்கு மேலே போய், மூடாத அடைப்பைத் தேடுவார்கள். இந்த நீட்சி இல்லாத கிளாங் கம்பைலர், அடுத்த ஃபங்ஷன் தொடங்கும் இடத்திலேயே அதற்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிடும்; தவறு நடந்த இடத்துக்கு அது மிக அருகில். சி-யில் இந்த வழியே மேலானது.

பைத்தானில் நெளிவு அடைப்பு கிடையாது. உள்தள்ளலே எல்லை வகுக்கிறது. தொடக்கத்திலிருந்தே உள் ஃபங்ஷன் உண்டு என்றாலும், வெளி ஃபங்ஷனின் மாறிகளை அது காணும் வசதி 2001இல் 2.1 பதிப்பில்தான் வந்தது; மதிப்பை மாற்ற உதவும் ‘நான்லோக்கல்’ 2008இல் 3.0 பதிப்பில். இங்கே ஒரு ஃபங்ஷனைத் தவறுதலாக நான்கு இடம் உள்ளே தள்ளிவிட்டால், பெரும்பாலும் தொடரியல் பிழையே எழாது. வெளியிலிருந்து அதை அழைக்கும்போதுதான், அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்ற செய்தியோடு நிரல் நிற்கும்.