போர்க்கால அரங்கில் சிண்டரெல்லா

நாடகக் கலையைத் தொழில்முறை நடிகர் மட்டுமே வளர்த்தனர் எனக் கருதுதல் பொருந்தாது. ஊதியம் கருதாது, ஊரார் மகிழக் கூடி நடித்த பயில்முறைக் குழுவினருக்கும் நாடக வரலாற்றில் சிறப்பிடம் உண்டு. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் நடைபெறும் 'பாண்டோமைம்' இதற்குத் தக்க சான்றாகும். குழந்தைகள் அறிந்த பழங்கதை ஒன்றைப் பாட்டும் நகைச்சுவையும் கலந்து, குடும்பத்தினர் அனைவரும் காண நடித்துக்காட்டும் நாடகம் அது. கதைத் தலைவனாகப் பெண் நடிப்பதும், முதியவளாக ஆண் நடிப்பதும் அதன் மரபு.

இரண்டாம் உலகப் போரின்போது இம்மரபு அரண்மனைக்குள்ளேயே புகுந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மகளிர் எலிசபெத்தும் மார்கரெட்டும் 1940 முதல் பாதுகாப்புக் கருதி விண்ட்சர் கோட்டையில் தங்கியிருந்தனர். அக்கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தை, நெப்போலியனை வென்ற மன்னர்கள், தளபதிகள் முதலியோரின் உருவப்படங்கள் அணிசெய்திருந்தன. அவற்றைத் தீட்டியவர் தாமஸ் லாரன்ஸ். குண்டுவீச்சுக்கு அஞ்சி அப்படங்கள் அகற்றப்பட்டன. வெறும் மரச்சட்டங்களே சுவரில் எஞ்சின.

அம்மண்டபமே நாடக அரங்காயிற்று. விண்ட்சர் பெரும் பூங்காவிலிருந்த பள்ளியின் தலைமையாசிரியர் முன்னின்று நாடகங்களை உருவாக்கினார். அரசிளங்குமரியரோடு பள்ளிப் பிள்ளைகளும் மேடையேறினர். 1941இல் 'சிண்டரெல்லா' அரங்கேறியது. பதினொரு வயது மார்கரெட் சிண்டரெல்லாவாகவும், பதினைந்து வயது எலிசபெத் மரபுப்படி இளவரசனாகவும் தோன்றினர். 1942இல் 'உறங்கும் அழகி', 1943இல் 'அலாவுதீன்' என 1944 வரை ஆண்டுதோறும் நாடகம் தொடர்ந்தது. போர்வீரர்க்குக் கம்பளி ஆடை பின்னுவதற்கான நூல் வாங்கும் நிதிக்கு வருவாய் சேர்ந்தது.

வெறுமையாய் நின்ற சட்டங்களுக்கும் அழகு வேண்டுமன்றோ? கிளாட் வாத்தம் என்னும் பதின்வயது ஓவிய மாணவர், சுவரில் ஒட்டும் தாள்களில் கதைமாந்தரின் உருவங்களைத் தீட்டினார். வேந்தர் விளங்கிய இடத்தில் கதைமாந்தர் வந்து அமர்ந்தனர். போர் முடிந்ததும் லாரன்ஸின் ஓவியங்கள் மீண்டன. ஆயினும் தாளோவியங்களை எவரும் கிழித்தெறியவில்லை. அவற்றின் மீதே பழைய படங்கள் மாட்டப்பட்டன. பல்லாண்டு மறைந்திருந்த அவ்வோவியங்கள், 2020இல் உருவப்படங்களை இறக்கியபோது மீண்டும் பார்வைக்கு வந்தன.

அரசுகளின் வெற்றியைப் பறைசாற்ற எழுந்த மண்டபம், இருண்ட நாளில் சிறுவரின் சிரிப்புக்கு இடந்தந்தது. அதனை நிகழ்த்தியவர் புகழ்பெற்ற நாடகக் குழுவினர் அல்லர். ஓர் ஆசிரியரும் அவர்தம் மாணவருமே. பள்ளி மேடையில் அரங்கேறும் எளிய நாடகத்தைச் சிறிதென எண்ணி ஒதுக்குவோர், வரலாறு தன் சட்டங்களுக்குப் பின்னே காத்துவைத்த இச்சித்திரங்களை நினைவிற்கொள்வது நன்று.