சாம்பலுக்குப் பிறகு மூன்று நாள்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் இலங்கையின் தலவாக்கலையில், எங்கள் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதியும் மன்மதனும் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். இரண்டு வேடமும் ஆண்கள்தான். பௌர்ணமி இரவில் மன்மதனாகிய காமன் சிவனின் கோபத்தில் எரிவான். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சுமந்து வந்த கூத்து இது. இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கூத்து மட்டும் அப்படியே நின்றது.

இப்போது பேத்தியோடு சாமித் தொடர் பார்க்கிறேன். 2011இல் இந்தியில் தொடங்கிய ‘தேவோன் கே தேவ் மகாதேவ்’ தொடரில் சிவனின் மனைவி தாட்சாயணி மாய்ந்துபோகிறாள். பிறகு பார்வதி வருகிறாள், வேறொரு நடிகையாக. நடுவில் ஒரு யுகமே ஓடிவிட்டது. “சிவன் எவ்வளவு நாள் அழுதாரு தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். தொடரில் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

கூத்திலும் காலம் தாவும். இந்திரனின் ஓலையோடு தூதன் களத்தை மூன்று சுற்று ஓடுவான், தப்பின் அடி மாறும், அவ்வளவுதான். தேவலோகம் பின்னால் போய்விடும். இதெல்லாம் சின்னத் தாவல். காமன் எரிந்த பிறகு மட்டும் எங்கள் பெரியவர்கள் தாவ விடவில்லை. ரதி தாலியைக் கழற்றி வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைப்பாள். விடிந்தால் அதே பையன், முகத்தில் அரிதாரம் சரியாகப் போகாமல், கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவான். கொழுந்துக்குப் போகிற பெண்கள் சாம்பலை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். மூன்றாம் நாள்தான் மன்மதன் எழும்புவான். அதுவரை கதை மேடையில் இல்லை, எங்கள் லயத்து வீடுகளில் இருந்தது. நாங்கள் காத்திருந்தோம், அதனால் அவன் எழுந்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்த மாதிரி இருந்தது.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. பல வருசம் ரதி கட்டிய அண்ணனும் குடும்பத்தோடு, அழுகைக் கோச்சி என்று சனங்கள் பெயர் வைத்த அந்த ரயிலில், தலைமன்னாருக்குப் போனார். அடுத்த மாசியில் புது ரதி. குரல் சன்னம், சேலைக்கட்டும் சரியில்லை. ஆனாலும் ஒப்பாரி தொடங்கியதும் கிழவிகள் முந்தின வருசத்தைவிடக் கூடவே அழுதார்கள். ஆள் மாறியதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. நடுவில் போன அந்த ஒரு வருசத்தை எல்லோரும் பட்டிருந்தார்கள்.

போன மாசியில் பேத்தியைக் களத்துக்குக் கூட்டிப்போனேன். காமன் எரிந்த மறுநாள் காலை, பனி விலகாத நேரம். சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. சுற்றி வரச் சொன்னேன்.

“எப்ப தாத்தா எழும்புவாரு?”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கு கண்ணு.”

மறுநாளும் வந்து பார்க்க வேண்டும் என்றாள்.