பெட்டிக்குள் இருந்த மனிதன்

கதை எழுதுகிறவன் பொய் சொல்லலாம். தெரிந்துதான் வாசகர் காசு கொடுக்கிறார். விஞ்ஞானத்தில் ஒரு பொய் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியது எப்படி என்பதுதான் எனக்கு வெகு நாளாய் ஆச்சரியம்.

இங்கிலாந்தில், ஸஸெக்ஸ் பகுதியில், சார்லஸ் டாஸன் என்று ஒரு வக்கீல். பில்ட்டவுன் கிராமத்துச் சரளைக் குழியில் அகப்பட்டவை என்று சில மண்டையோட்டுத் துண்டுகளையும் ஒரு தாடை எலும்பையும் கொண்டுவந்தார். 1912 டிசம்பரில் அவரும் பிரிட்டிஷ் மியூசியத்து ஆர்தர் ஸ்மித் உட்வர்டும் லண்டனில் அதை அறிவித்தார்கள். மண்டை மனித ஜாடை; தாடை குரங்கு ஜாடை. ஆதி மனிதன் அகப்பட்டுவிட்டான், அதிலும், இங்கிலீஷ்காரன்!

சந்தேகம் எழாமலில்லை. மனித மண்டையோடு குரங்குத் தாடையைச் சேர்க்கிறீர்கள் என்று 1913-லேயே டேவிட் வாட்டர்ஸ்டன் சொன்னார். ஆனால் சோதிப்பது எப்படி? அசல் எலும்புகள் மியூசியத்துப் பெட்டிக்குள். ஆராய வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பிளாஸ்டரில் வார்த்த பிரதிதான். மூலவருக்குத் திரை போட்டுவிட்டு உற்சவரைக் காட்டினாற்போல, லூயி லீக்கிக்கு அசலைச் சற்றே காட்டி எடுத்துக்கொண்டு, பிரதியைக் கையில் கொடுத்தார்களாம். பிளாஸ்டரை வைத்துக்கொண்டு எலும்பின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைப் பூட்டியவர்கள் என்னவோ யோக்கியர்கள்தான். அபூர்வப் பொருள் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை. திருடனுக்கு அவர்களே காவல் நின்றார்கள்.

இதன் நஷ்டம் வேறொருவர் தலையில் விழுந்தது. 1925-ல் ரேமண்ட் டார்ட், தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 'டாங்' குழந்தையின் மண்டையைப் பற்றி எழுதினார். சின்ன மூளை, மனிதனை ஒத்த பல். பில்ட்டவுனுக்கு நேர் தலைகீழ். ஏறக்குறைய இருபது வருஷம் பெரியவர்கள் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்ததற்குப் பில்ட்டவுனும் ஒரு காரணம்.

1949-ல் கென்னத் ஓக்லி புளோரின் சோதனை செய்து, எலும்புகளுக்கு அத்தனை வயதில்லை என்றார். 1953-ல் ஜோசப் வைனர் ஒரு சிம்பன்ஸிப் பல்லை அரத்தால் ராவிச் சாயமேற்றினார். பில்ட்டவுன் பல் கைக்கு வந்துவிட்டது! பிறகு அசலைப் பார்த்தால், அரம் பட்ட கீறல் பூதக்கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. தாடை ஒராங்குட்டானுடையது. அந்த நவம்பரில் குட்டு உடைந்தது. 2016-ல் வெளியான ஆராய்ச்சியும் டாஸனைத்தான் சுட்டிற்று.

அவர் 1916-லேயே போய்விட்டார். அதற்குப் பின் அந்தக் குழியில் ஒன்றும் அகப்படவில்லை. பாவம், ஸ்மித் உட்வர்ட் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே வருஷக்கணக்காகத் தோண்டினார். கண் மங்கிய முதுமையில், தாம் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்து ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு, 1944-ல் இறந்தார். 1948-ல் அச்சான அந்தப் புத்தகத்தின் பெயருக்குத் தமிழில் 'ஆதி ஆங்கிலேயன்' என்று பொருள்.