இடது கால் சட்டம்

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அதில் ஏறினால் முதல் இரண்டு நாள் கால் குழம்பும். பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். நமக்கு அது டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிற கதை. அமெரிக்காவில் அது சட்டப் பிரச்சினை.

1974 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் புது மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலிலும் பின்பிரேக் வலது காலிலும்தான் இருக்க வேண்டும். வண்டி மாறி ஓட்டுபவர் அவசரத்தில் தவறான மிதியை அழுத்தக்கூடாது என்பதே காரணம். நியாயமான காரணம்தான். வலது கால் கியருக்குப் பழகிய பிரிட்டிஷ் கம்பெனிகளான டிரையம்ஃபும் நார்ட்டனும் அமெரிக்கச் சந்தையை இழக்க மனமில்லாமல் 1970களின் நடுவில் கியரை இடப்பக்கம் கொண்டுபோயின. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டோ அதற்குப் பிறகும் பல காலம் வலது காலிலேயே கியர் மாற்றிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தது புகை. லாஸ் ஏஞ்சல்ஸ் காற்று கண்ணை எரித்த காலம் அது. 1970இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. 1978 மாடலிலிருந்து மோட்டார் சைக்கிளின் புகைக்கும் அளவு வைத்தார்கள்.

இப்போது ஒரு அமெரிக்கர் இந்தியாவில் புல்லட் வாங்கி, இமயமலை சுற்றிவிட்டு, ஆசையோடு ஊருக்குக் கப்பலில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்தில் அவரிடம் இரண்டு படிவங்கள் கேட்பார்கள்: ஒன்று பாதுகாப்புக்கு, ஒன்று புகைக்கு. கூடவே, 'இது அமெரிக்கத் தரத்துக்குச் செய்யப்பட்டது' என்று தயாரிப்பாளர் ஒட்டிய லேபிளையும் தேடுவார்கள். அது இல்லையென்றால் சிக்கல்தான். 'நான் விற்கப்போவதில்லை, ஓட்டத்தான் கொண்டுவந்தேன்' என்று சொன்னாலும் எடுபடாது.

முன்பு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஐந்து வருடம் பழகிய வண்டி ஒன்றை, வாழ்நாளில் ஒருமுறை, புகைவிதியிலிருந்து விலக்குப் பெற்றுக் கொண்டுவர முடிந்தது. 1980களில் டாலர் வலுத்தது. ஜெர்மனியில் பென்ஸ் வாங்கிக் கொண்டுவருவது உள்ளூர் ஷோரூமைவிட மலிவானது. 1985இல் மட்டும் இப்படி 60,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் வந்து இறங்கின. அதிகாரபூர்வ விற்பனையாளர்கள் சும்மா இருப்பார்களா? அரசின் கதவைத் தட்டினார்கள். 1988இல் புதுச் சட்டம் வந்தது. பதிவுபெற்ற இறக்குமதியாளர் வழியாகத்தான் வரவேண்டும், வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்குக்குப் பிணைப்பத்திரம் தரவேண்டும், 120 நாட்களுக்குள் வண்டியைத் தரத்துக்கு மாற்ற வேண்டும். கார்களுக்காக எழுந்த சண்டையில் மோட்டார் சைக்கிளும் மாட்டிக்கொண்டது.

அந்தச் சட்டத்திலேயே ஒரு வாசலும் இருந்தது: 25 வயதைத் தாண்டிய வண்டிக்குப் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது. புகைக்கு 21 வயது போதும். எனக்கு வியப்பு இங்கேதான். 24 வயதில் ஆபத்தானது என்று நிறுத்தப்பட்ட அதே புல்லட், பிரேக் இன்னும் தேய்ந்து, புகை இன்னும் கூடி, அடுத்த வருடம் ராஜாவாக உள்ளே போகலாம். இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். நாலைந்து கிழட்டு வண்டிகளால் காற்று கெட்டுவிடாது. ஆனால் அவற்றால் ஷோரூம் வியாபாரமும் கெடாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம்ம ஊர்க் கதையும் ஒன்று உண்டு. பெரிய வெளிநாட்டு பைக்குகளுக்கு இந்தியப் புகைவிதிகள் நெடுங்காலம் தடையாக நின்றன. 2007இல், யூரோ 3 தரத்தில் உள்ள 800 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளை அனுமதிக்க இந்தியா ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு இந்திய மாம்பழம் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பியது. இரண்டும் ஒரே பேச்சுவார்த்தையில் பழுத்தவை. சில ஆண்டுகளில் ஹார்லி டேவிட்சன் இங்கே கடை விரித்தது.

புகையும் விபத்தும் பொய்யில்லை, விதிகள் வேண்டும். ஆனால் தனி ஆள் கெஞ்சினால் அசையாத விதி, இரண்டு அரசாங்கங்கள் மேசையில் உட்கார்ந்தால் மாம்பழத்துக்கு அசைகிறது. ஒரு விதி யாரைக் காக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அது யாருக்கு விலக்குத் தருகிறது என்று பாருங்கள்.